அப்பா சொன்ன கப்பல் படம்

கப்பல் படத்தைப் புதிதாக எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னது என் அண்ணன்தான். ஒரு வெள்ளிக்கிழமை, நான் கணக்குப் படிப்பிக்கும் பாடசாலை விட்டு தெமோதரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது. அந்த நேரத்தில் அவன் கூப்பிடுவதில்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துதான் பேசினேன்.

"பாப்பா, கப்பல் படம் திரும்ப வருதாம். தமிழ்லயே பேசுதாம்" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று குடையை விரித்துக்கொண்டேன். மழை இல்லை.

கப்பல் படம் என்பது எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வைத்த பெயர். உண்மையில் அது ஒரு வெளிநாட்டுத் தொடர். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் டிவியில் வரும். நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்போது டிவி வைத்திருந்த ஒரே லயத்து வீடு எங்களுடையது. அப்பா தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமையல்கட்டு வேலை பார்த்தார். ஒரு துரை மாற்றலாகிப் போகும்போது தன் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். லயத்துக்குக் கரண்ட் வராத காலம். கார் பேட்டரியில் ஓட்டினோம். பேட்டரியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பசறைக்குப் போய் சார்ஜ் போட்டுவருவது அண்ணன் வேலை.

ஆட்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், அடியில் சிங்கள எழுத்து ஓடும். லயத்தில் சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அந்த வேகத்துக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கதை சொல்வார். பங்களாவில் துரையோடும் துரைசாணியோடும் பேசிப் பழகியவர். லயத்திலேயே இங்கிலீஷ் தெரிந்த மனுஷன் அவர் ஒருவர்தான் என்று எங்களுக்கு அதில் பெரிய பெருமை. உள்ளே இடம் போதாமல் வாசல் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு முகம்கூடக் கழுவாமல் வந்த பெண்கள் இருப்பார்கள். அப்பா சொல்லச் சொல்ல அவ்வளவு பேரும் வாயைத் திறந்து கேட்பார்கள்.

கதை இதுதான். ஒரு உலகம் அழிந்துபோகிறது. அங்கே மிஞ்சிய ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு வான்கப்பல்கள் வேறு உலகம் தேடிப் புறப்படுகின்றன. பாதி வழியில் ஒரு கப்பல் பழுதாகி, தண்ணீர் இல்லாத ஒரு கல்லுக்காட்டில் இறங்கிவிடுகிறது. மற்றக் கப்பலின் தலைவரை நாங்கள் கப்பல் துரை என்றோம். கடைசி வாரம் அவர் கப்பலின் கண்ணாடி ஜன்னல் ஓரமாக நின்று நெடுநேரம் பேசுகிறார். பிறகு ஒரு பிடியை இழுக்கிறார். கப்பல் அசைகிறது.

"கப்பலைத் திருப்புறாங்க!" என்று அப்பா கத்தினார். "அவுங்கள விட்டுட்டு நாம மட்டும் போயி என்னத்துக்குங்கிறாரு. எல்லாரையும் ஏத்திக்கிட்டுத்தான் போகப் போறாங்க!"

லயமே கைதட்டியது. அடுத்த வீட்டுப் பெரியம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருடைய அக்கா குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய், கடிதமும் நின்றுபோயிருந்தது.

அதன் பிறகு அந்தத் தொடரை நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லாம் மனப்பாடம். கல்யாணமாகி நான் பதுளைக்கு வந்த பிறகும், அண்ணன் எல்லவில் ஆட்டோ ஓட்டத் தொடங்கிய பிறகும், சந்திக்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு எப்படியாவது கப்பல் துரையில் வந்து நிற்கும். என் மகள் சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது கொட்டாவி விட்டாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறாள்.

புதிய தொடர் முழுவதும் ஒரே நாளில் வெளியானது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஞாயிறு என்றால் எல்லவில் நல்ல ஓட்டம் இருக்கும். அதையும் விட்டுவிட்டு, ஒரு பை நிறைய ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அப்பா என்னோடுதான் இருக்கிறார். அவரையும் நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தோம்.

"நான் என்னத்துக்கு? எனக்குக் கண்ணு கூசும்" என்றார் அப்பா.

"நீங்க இல்லாம கப்பல் படமா?" என்றான் அண்ணன்.

ஆரம்பத்திலேயே சண்டை வந்துவிட்டது. புதிய தொடரில் கப்பல் துரை ஒரு பெண்.

"இது என்னா கூத்து! துரையப் போயி பொம்பளையா ஆக்கிட்டானுங்க."

"ஏன் மாமா, பொம்பளை கப்பல் ஓட்டக் கூடாதா?" என்றாள் மகள்.

"ஓட்டட்டும். வேற கப்பல ஓட்டட்டும்."

எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் நடித்தாள். எனக்கு உறுத்தியது வேறு. அவர்கள் பேசிய தமிழில் வார்த்தைக்கு வார்த்தை சந்தேகம் இருந்தது. யாரும் யாரையும் நம்பவில்லை. எங்கள் கப்பலில் ஒருவரோடொருவர் அப்படிப் பேசியதே இல்லை. மகளோ கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "செம" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டார். ரோல்ஸைப் பாதி தின்று தட்டில் வைத்திருந்தார்.

பிற்பகல் மூன்று மணி போல் கடைசிப் பகுதி வந்தது. அந்தப் பெண் கண்ணாடி ஓரம் வந்து நின்றாள். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கப்பலைத் திருப்பவில்லை. "நம்மிடம் இருக்கும் மூச்சு நமக்கே போதாது. அவர்களை மறந்துவிடுங்கள்" என்று தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பிடியை இழுத்தாள். கல்லுக்காட்டில் நின்ற ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு சிறுத்துப்போனார்கள். படம் முடிந்தது.

"நாசமாப் போவானுங்க" என்று அண்ணன் எழுந்துவிட்டான். "முப்பது வருஷத்துக்கு மேல நெஞ்சுல வச்சிருந்தத ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டானுங்களே!"

மகள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. "இதுதான் மாமா நல்லா இருக்கு. நெசமா இருக்கு" என்றாள்.

"ஆள விட்டுட்டுப் போறதா நல்லா இருக்கு?"

அவன் போனை எடுத்தான். அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. இந்தியா, மலேசியா, எங்கள் நாடு என்று பல இடத்து ஆட்கள். அண்ணன் அதில் பழைய ஆள். ஒற்றை விரலால் அரைமணி நேரம் எழுதினான். கப்பலைத் திருப்பிக்கொண்டு போய் எல்லோரையும் ஏற்றிய தலைவரை இப்படிக் கொலைகாரியாக்கியவர்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டிருந்தான். எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டான். நான் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.

தேநீர் ஊற்றிக் கொண்டுவருவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. முதலில் சிரிப்புப் பொம்மைகள். பிறகு யாரோ ஒரு இளம் பிள்ளை எழுதியிருந்தான்: "அங்கிள், நீங்க எந்தப் படம் பாத்தீங்க? பழசுலயும் விட்டுட்டுத்தான் போவாங்க." கூடவே பழைய தொடரின் கடைசிக் காட்சியையும் போட்டிருந்தான்.

மகள் அதைத் தன் போனில் எடுத்தாள். நாங்கள் மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். கலர் படம். கப்பல் துரையின் சட்டை மாம்பழ நிறம். அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதே முகம், அதே கண்ணாடி, அதே பிடி. அவர் பேசினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கே பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் மகள் சொல்லும்வரை காத்திருந்தேன்.

"திரும்பிப் போனா எல்லாருமே செத்துருவோம்னு சொல்றாரு. அவங்க பேரை இனி யாரும் சொல்லக் கூடாதுங்கிறாரு. போகலாம்ங்கிறாரு" என்றாள் மகள். "அம்மா, கப்பல் திரும்பல. நேராத்தான் போகுது."

நாங்கள் மூவரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க திருப்புறாங்கன்னுதானே சொன்னீங்க?" என்றேன்.

"ஆமா."

"அவரு அப்படிச் சொல்லலையே."

"அவரு என்னா சொன்னாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. "பங்களாவுல நான் கேட்டதெல்லாம் டீ, சூப்பு, தட்டு, கரண்டி. யெஸ் மாஸ்டர், நோ மாஸ்டர். அதுக்கு மேல எனக்கு என்னா இங்கிலீசு? அத்தன பேரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. படத்தப் பாத்து எனக்குத் தோணுனதச் சொன்னேன்."

"முதல் வாரத்துல இருந்தேவா?"

"முதல் வாரத்துல இருந்தேதான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எனக்கு அப்போது வேறு ஒன்று உறைத்தது. லயத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையும் அப்பாவிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதையும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடுதாசி வேற, படம் வேற. கடுதாசிய பதுளைக்குக் கொண்டாந்து படிச்சவங்ககிட்டக் கேட்டுட்டுப் போயித்தான் சொல்லுவேன். ஒரு எழுத்துகூட மாத்துனதில்ல."

அதை நம்பினேன். நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய நாள்வரை அப்பா சொன்ன எதையும் நம்புகிறேனா இல்லையா என்று யோசித்ததே இல்லை.

அண்ணன் போனை மேசையில் கவிழ்த்துவைத்தான். இப்போது மெதுவாகக் கேட்டான்: "நான் கொழும்புல இருந்து ஏன் வந்தேன் தெரியுமாப்பா?"

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. வளைகுடா நாட்டுக்குப் போக எல்லாம் சரியாகி, பாஸ்போர்ட்டும் கையில் வந்திருந்தது. அப்போதுதான் அம்மா படுக்கையில் விழுந்தார். அண்ணன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். அம்மா பத்து மாதம் இருந்தார். அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு திரும்ப வரவில்லை. இவனோடு கிளம்ப இருந்த கூட்டாளி இன்று பண்டாரவளையில் மாடிவீடு கட்டியிருக்கிறான்.

"பஸ்ல ஏறலாமா வேணாமான்னு கோட்டை பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் நின்னேன்" என்றான் அண்ணன். "கப்பல் துரையே திரும்பி வந்தாரு, நான் போகாம இருக்கலாமான்னு நெனச்சுத்தான் ஏறுனேன். நெசமாச் சொல்றேன்பா. அத நெனச்சுத்தான். நீங்க அவரு சொல்லாதத சொன்னதா சொல்லி என்னைய ஏத்தி விட்டுட்டீங்க."

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அம்மாவின் அடக்கத்தன்றுகூட இல்லை.

"எம்மகன் என்னையப் பாக்க ஓடியாந்துட்டான்னு கண்ணு மூடுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா உங்கம்மா. வாரவுங்க போறவுங்ககிட்டயெல்லாம் சொன்னா. நானும் அப்படித்தான்டா நெனச்சுக்கிட்டு இருந்தேன். படத்தப் பாத்து வந்தேங்கிறியே இப்ப."

அண்ணன் எழுந்தான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. மகள் டிவியை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அவன் வரவில்லை. போனில் என்னோடு பேசுவான், அப்பாவுக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்பான், போனை அவரிடம் கொடு என்று கேட்கமாட்டான். குழுவிலிருந்தும் விலகிவிட்டான். அங்கே அவன் எழுதியதைப் படமாக எடுத்துப் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அவளுக்கே அது பொறுக்கவில்லை. "அவர் பார்த்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லை, அவ்வளவுதான்" என்று பதில் போட்டிருக்கிறாள். அதற்கும் சிரித்தார்களாம்.

அந்த வாரங்களில் நான் அப்பாவுக்குச் சோறு போட்டேன், கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. அந்தக் கதையால் நான் எந்த வேலையையும் விடவில்லை, அண்ணனைப் போல எதையும் இழக்கவில்லை. இருந்தாலும் வகுப்பில் நின்று கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திடீரென்று பாதியில் நிறுத்திவிடுவேன். பெட்டிக்குப் பக்கத்தில் கையை நீட்டி நின்ற அந்த மனிதருக்கும் எங்களைப் போலவே ஒன்றும் விளங்கவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. புதிதாக எடுத்தவர்கள் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு இடம் இருந்தது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒருநாள் மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து போனை நீட்டினாள். "தாத்தா, உங்க கதைய முழுசா சொல்லுங்க. நான் பதிஞ்சு வச்சுக்கிறேன். அந்தக் கப்பல்ல அடுத்து என்னா நடந்துச்சு?"

"அதான் பொய்யின்னு சொல்லிட்டீங்களே" என்றார் அப்பா.

"நான் சொல்லலையே தாத்தா."

"வேணாம்மா. எனக்கு மறந்துபோச்சு."

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

எட்டாவது ஞாயிறு அண்ணன் வந்தான். பாணும் பருப்பும் சாப்பிட்டார்கள். எல்லவில் மழை எப்படி, ரயில் பாதையில் மண் சரிந்ததா என்று அப்பா கேட்டார். அண்ணன் பதில் சொன்னான். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள், விருந்தாளிகள் பேசுவதைப் போல. இப்போதும் ஞாயிறுதோறும் அப்படித்தான். இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். மகள் தேதியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்தால் தன் அறையில், காதில் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்கப் போவதாக அவளே சொல்லிவிட்டாள்.