முயல்களுக்கு ஒரு ரூம்

வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரூம் ரெடி பண்ணுவது என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஒருவர் காலி செய்துவிட்டுப் போன அறையை, அங்கே இதுவரை யாருமே இருந்ததில்லை என்று அடுத்தவர் நம்பும்படி மாற்ற வேண்டும். தலையணையில் ஒரு முடி, கண்ணாடியில் ஒரு விரல் தடம், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். மன்னவனூருக்குச் சவாரி போனவர் ஒருநாள், பின்சீட்டில் ஒரு அட்டைப் பெட்டியோடு அட்டுவம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உள்ளே இரண்டு வெள்ளை முயல் குட்டிகள், இரண்டும் பெட்டை. அங்குள்ள பண்ணையில் வாங்கியது, பெரிய ஜாதி, பொங்கலுக்குக் கறி வைக்கலாம் என்றார். பொங்கல் வந்தது. கோழி வாங்கினோம். அதற்குள் முயல்கள் ஆளுக்கு நாலு கிலோவைத் தாண்டியிருந்தன. சவாரி முடிந்து வந்ததும் அவர் நேராகக் கொல்லைக்குப் போய், அன்றைக்கு எந்தப் பார்ட்டி எங்கே வாந்தி எடுத்தது என்பதையெல்லாம் அவற்றிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். கறிப் பேச்சு அத்தோடு நின்றது.

கொல்லையில் கம்பிவலைக் கூண்டு ஒன்று கட்டியிருந்தோம். அந்த வருடம் மழைக்காலத்தில், ஒரு காலையில் காட்டுமாடு ஒன்று வந்து அதில் முதுகைச் சொறிந்துகொண்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, அரித்திருக்கும். கூண்டு ஒருபக்கமாகப் படுத்துவிட்டது. முயல்கள் இரண்டும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நடுங்கின.

“இனி இதுக வெளிய கெடக்க வேணாம். சீசன் ரூம்ல விட்டுருவோம்” என்றார் அவர்.

இங்கே பல வீடுகளில் ஒரு நல்ல அறையைப் பூட்டியே வைத்திருப்பார்கள். ஏப்ரல், மே சீசனில் மலைக்குக் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு விட வேண்டும் அல்லவா? வீட்டிலேயே வெயில் விழுகிற அறை அதுவாகத்தான் இருக்கும். மற்ற மாதங்களில் வீட்டு ஆட்கள் இருட்டறையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

நான் உடனே சம்மதித்தது அவருக்கு ஆச்சரியம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ரூமை நான்தான் ரெடி பண்ணுவேன், நடுவில் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

ஒருநாள் லீவு போட்டேன். கட்டிலை வெளியே தள்ளினேன். சிவப்புத் தரைக்கு இரண்டு கை பாலிஷ் போட்டு, என் முகம் தெரிகிறவரை தேய்த்தேன். துடைக்கிற தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் நாலு மூடி விட்டேன். விருந்தாளிகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஆகா என்பார்கள். வெளிக்காட்சி தெரியும்படி ஜன்னலோரம் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர். பக்கத்தில் ஒரு கூடையில் புல், ஒரே அளவாக நறுக்கி, சணலால் கட்டியது. கேரட்டைத் தோல் சீவி விசிறி போல அடுக்கினேன். எதிர்மூலையில் மரத்தூள் போட்ட ஒரு தட்டு, அது அவர்களுடைய பாத்ரூம். வாசலருகே தடித்த மிதியடி விரிப்பு ஒன்று. பிறகு கதவோரம் நின்று போட்டோ எடுத்தேன். கெஸ்ட் ஹவுசில் அப்படி எடுத்து அனுப்புவது வழக்கம். இதை யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால் போனிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். “நமக்கே இப்படி ஒரு ரூம் இல்ல” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் முயல்களைத் தூக்கிவந்து மிதியடியில் விட்டோம். இரண்டில் பெரியவள் ஒரு எட்டு வைத்தாள். நாலு காலும் நாலு பக்கம் போயின. வயிறு தரையில் மோதி, சறுக்கிச் சறுக்கி, எப்படியோ மிதியடிக்கே திரும்பி வந்துவிட்டாள். நான் சிரித்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்று முழுக்க இரண்டும் அந்த ஒரே மிதியடியில் இருந்தன. ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கூடையில் புல் கலையவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் குறையவில்லை. தரையில் ஒரு புழுக்கை இல்லை. இவ்வளவு சுத்தமான விருந்தாளிகள் எனக்கு வாய்த்ததே இல்லை. சந்தோஷமாகவே வேலைக்குப் போனேன்.

மத்தியானம் அவர் போன் செய்தார். “பெரியவ குன்னிப்போயி உக்காந்திருக்கா. காது சில்லுன்னு கெடக்கு. பல்லை நறநறன்னு கடிக்கிறா. வெரசா வா.”

டாக்சியின் முன்சீட்டில் நான் பெரியவளை மடியில் வைத்துக்கொண்டேன். சின்னவள் பெட்டியில். கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா பெரியவளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“எப்பத்துல இருந்து சாப்பிடல?”

“நேத்து காலையில இருந்துங்க.”

“முயலுக்கு வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும்மா. நின்னுச்சுன்னா கேஸ் கட்டிக்கும், அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். புல்லு வைக்கலையா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வைக்கவில்லையா! போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன். டாக்டரம்மா விரலால் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார்.

“ரூம் பிரமாதம். நானே வந்து தங்கலாம் போல இருக்கு. இதுங்க எங்க உக்காந்திருந்துச்சு?”

“அந்த மிதியடியிலேயேங்க. எறங்கவே இல்ல.”

“எப்படி எறங்கும்? முயல் பாதத்துல மெத்தை கெடையாது, வெறும் முடிதான். கண்ணாடி மேல நடக்கச் சொல்லிட்டு, சாப்பாட்டை அந்தக் கோடியில வச்சிருக்கீங்க. என்ன ஊத்தித் தொடச்சீங்க? இது மேலயே தைல வாடை அடிக்குது.”

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கண்ணெதிரே புல்லை வைத்துக்கொண்டு, ஒன்றரை நாள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். தரை வழுக்கியது என்பதால். அந்தத் தரையை வழுக்க வைத்தவள் நான். அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

ஊசி போட்டார். மருந்தும், ஊட்டுவதற்கு ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தார். சின்னவள் புல்லைக் கண்டால் தின்றுவிடுவாள் என்றார். பெரியவளுக்குத்தான் கெடு வைத்தார். சாயங்காலத்துக்குள் புழுக்கை போட வேண்டும். போடவில்லையென்றால் திரும்பக் கூட்டி வர வேண்டும், ஆனால் அப்போது தன்னால் எந்த உறுதியும் தர முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். உருளைக்கிழங்கு வந்த சணல் சாக்குகளைப் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி, உதறி, சுவருக்குச் சுவர் விரித்தேன். என் பாலிஷ் ஒரு விரற்கடை கூடத் தெரியவில்லை. புல் கட்டை அவிழ்த்து அறையின் நடுவில் கொட்டினேன். சின்னவள் சாக்கில் கால் வைத்தாள், நின்றாள், பிறகு ஓடிப்போய்ப் புல்லுக்குள் தலையை விட்டாள். பெரியவள் அசையவில்லை.

அவர் சவாரிகளை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளை மடியில் எடுத்துக்கொண்டார். நான் சிரிஞ்சில் மருந்தையும், பொடித்த புல் கரைசலையும் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரம் விட்டேன். அவர் அவள் வயிற்றை நீவிக்கொண்டே இருந்தார். வாழ்க்கை முழுக்கத் தரையில் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டவள், இரண்டு மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு, விழு விழு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. மூட எழுந்திருக்கவில்லை.

“ஏ, போட்டுட்டா!” என்றார்.

அவர் வேட்டியில், மிளகு அளவில் ஒன்று. அப்புறம் இன்னும் இரண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவள் மூக்கை ஆட்டி, அவர் முழங்காலருகே கிடந்த புல்லில் ஒன்றை இழுத்தாள். அது மெல்ல மெல்ல வாய்க்குள் போவதை இருவரும் பார்த்தோம்.

“இந்த வீட்ல நான் தரையில உக்காந்தது இன்னிக்குத்தான்” என்றார் அவர், நீவுவதை நிறுத்தாமல். “உக்காந்து எந்திரிச்சா, பின்னாடியே நீ தொடச்சிருவ.”

குறையாகச் சொல்லவில்லை. வெளியே மழை வருகிறது என்பது போலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். டம்ளரை வாங்கும்போது பெரியவள் அசைய, டீ சாக்கில் சிந்திவிட்டது. அவர் சிந்தினதைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். முயலோடு எழுந்திருக்கப் போனார்.

“உக்காருங்க” என்றேன்.