வீடு பார்க்க வந்தவர்கள்

மரக்காணத்து அப்பாதுரைக்கு வாய்தான் முதலீடு. தேர்தல் வந்தால் ஆட்டோவில் உட்கார்ந்து மைக் பிடிப்பார். ஆடி வந்தால் துணிக்கடைத் தள்ளுபடியைக் கூவுவார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் வருகிறவர்களை உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், வீட்டுக் கட்டுமானத்தையும் தோட்டங்களையும் காட்டுகிறார். உப்புக்காற்றில் சுவர் எப்படி நிற்கிறது, செடி எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். ஆனால் அப்பாதுரையின் வாய் ஓடுகிற வேகத்தில் பாதிச் சேதி உள்ளேயே தங்கிவிடும்.

ஒரு சனிக்கிழமை, மலர்கொடியம்மாள் வீட்டு வாசலில் பைக்கை அணைக்காமலே, "நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வூடு பாக்க வர்றாங்கக்கா, ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணமாகாத பிள்ளையை வைத்திருப்பவளிடம் பேசுகிற பேச்சா இது? பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதற்கும் அதே பேர்தானே. மகன் பாலகுரு உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுகிறான். காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார்கள், "ஊருக்குப் போய் எழுதறோம்" என்று கிளம்பினார்கள். உப்புத்தண்ணீர் வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இதுவும் தட்டிப்போனால் அவன் தனிக்கட்டைதான் என்று மலர்கொடிக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் அப்பாதுரை கூட்டத்தோடு வந்தபோது, பாலகுரு பட்டு வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். எல்லாருக்கும் கேசரி வந்தது. தன் மரியாதை இவ்வளவு உயர்ந்துவிட்டதா என்று அப்பாதுரை பூரித்துப்போனார்.

கட்டடக்கலை படித்த ஷாலினி என்ற பெண் மண்டிபோட்டு, உப்புப் பூத்த சுவரின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்களே, பெரிய இடம்தான் என்று மலர்கொடி நினைத்துக்கொண்டாள். பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து டிரம்மில் நிரப்பி அவள் வளர்த்த மல்லியையும் அவரையையும் எல்லாரும் புகழ்ந்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் கேட்கவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

அப்பாதுரையை ஓரமாக அழைத்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்பா. அவங்களா பாத்து செஞ்சா சரி" என்றாள். வரதட்சணைப் பேச்சு அது. வீட்டைக் காட்டுவதற்கு வீட்டுக்காரர்கள் வாங்கும் நுழைவுக் கட்டணத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்து அப்பாதுரை அதைச் சத்தமாக எடுத்துச் சொல்ல, வந்தவர்கள் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்கள்.

கிளம்பும்போது கூட்டத்தில் மூத்தவர் சொன்னார்: "ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. ஊருக்குப் போய் எழுதறோம்."

அவர் சொன்னது இணையத்தில் எழுதுவதை. மலர்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இவர்களும் அதையே சொல்லிவிட்டுப் போகிறார்களே என்று புலம்பியபோதுதான் அப்பாதுரைக்கு முழு விஷயமும் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அவங்க பொண்ணு குடுக்க வரலக்கா. சும்மா வூட்டையும் செடியையும் பாத்துட்டுப் போவ வந்தவங்க" என்றார், துடைப்பத்துக்குத் தயாராகி.

மலர்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப எம்புள்ளைய வேணாம்னு சொல்லிட்டுப் போவல?"

"இல்லக்கா."

"இந்த வூட்டுக்கு வந்து, வேணாம்னு சொல்லாம போனவங்க இவங்கதாம்பா" என்றாள் அவள். "அடுத்த வாரமும் கூட்டிக்கினு வா."