நாலாம் குழியில் இருந்த தண்ணீர்ப் பானை

1. மணலும் பழைய ஆயிலும்

மெஷின் ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என்னை ஒரு நாள் ஜி.எம். கூப்பிட்டார். "நாளைலேருந்து கோல்ஃப் கிரவுண்டை நீ பாத்துக்கோ" என்றார். கோல்ஃப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜி.எம். சொன்னதற்கு வேறு பதில் கிடையாது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்த கரம்பில் ஆபீசர்கள் விளையாட ஒன்பது குழி வெட்டியிருந்தார்கள். குழியைச் சுற்றிப் புல் வளர்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? மணலைச் சலித்து, மெஷினில் வடித்த பழைய ஆயிலைக் கலந்து, வட்டமாகப் பரப்பி இறுக்குவோம். அதற்குப் பெயர் பிரவுன். அதன்மேல் தடம் விழுந்தால் பந்து கோணிக்கொண்டு ஓடும். ஆகவே ஆபீசர்களின் மட்டைப் பை தூக்குகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஈரச் சாக்கை இழுத்துத் தடத்தை அழிக்க வேண்டும். ஆபீசர்களின் ஷூவுக்குத் தடம் விழாதா என்று கேட்காதீர்கள். நானும் அன்று கேட்கவில்லை.

பை தூக்குகிறவர்களைக் கேடி என்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் இருக்கும் கேடிகள் அல்ல, பாவம். எல்லாரும் சித்திரை வைகாசியில் வயலில் வேலையில்லாத குடியானவர்கள். அவர்களில் கெட்டிக்காரர் ஏகாம்பரம். பொன்னேரிக்கு மேற்கே இருக்கிற ஆரணிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். நாற்பது வயதிருக்கும். பந்து எந்தப் புதரில் விழுந்தாலும் நேராகப் போய் நிற்பார். ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

2. புகார்

நாலாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு மண்பானை வைத்திருந்தோம். கேடிகள் அங்கே ஒதுங்கித் தண்ணீர் குடிப்பார்கள், இரண்டு வார்த்தை பேசுவார்கள். குறி பார்த்துப் பந்தைத் தட்டுகிற நேரத்தில் சொம்புச் சத்தம் கேட்கிறது என்று ஒரு ஆபீசர் புகார் சொன்னார்.

ஜி.எம். என்னைப் பார்த்து, "இதெல்லாம் நீ கவனிக்கிறதில்லையா?" என்றார். அவ்வளவுதான். பானையை எடு என்று அவர் சொல்லவில்லை. அதை எடுத்துக் கிளப் ஷெட்டுக்குக் கொண்டுபோனது நான். ஒன்பது குழியும் சுற்றிவிட்டு வந்து குடித்தால் போதும் என்று உத்தரவு போட்டதும் நான்தான். நல்ல பெயர் வாங்கும் ஆசை.

3. கத்திரியில் ஒரு மேட்ச்

பக்கத்துத் தொழிற்சாலையோடு கோப்பைப் போட்டி வைத்தார்கள். விடியற்காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிப்பதாக ஏற்பாடு. மெட்ராஸிலிருந்து வரவேண்டிய விருந்தாளி வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. தள்ளி வைக்கலாம் என்று ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

ஏகாம்பரம் விடிகாலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார். விருந்தாளியின் பையை அவரிடம்தான் கொடுத்தேன். அந்தப் பைக்குள் ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பிளாஸ்க் நிறைய இருந்தது. விருந்தாளி கேட்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். அதைத் தொட்டுக் குடிக்கும் வழக்கம் கேடிகளுக்குக் கிடையாது.

ஐந்தாம் குழியில் பார்த்தேன். எல்லார் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது. ஏகாம்பரத்தின் உடம்பு மட்டும் காய்ந்திருந்தது. நான் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாருங்கய்யா, ஒரு சொட்டு வேர்வ கீதா? ஒடம்புன்னா இது ஒடம்பு!"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

ஏழாம் குழியில் தப்பான மட்டையை எடுத்து நீட்டினார். பந்து கிழக்கே போயிருக்க, மேற்கே நடந்தார். விருந்தாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாட் நான்சென்ஸ்! குடிச்சிருக்கானா இவன்?"

நான் ஓடிப்போய் ஏகாம்பரத்தின் வாயை முகர்ந்து பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. இருந்தாலும், "இன்னாய்யா இது, மானத்த வாங்கற? ஒழுங்கா நில்லு" என்று அதட்டினேன். அவர் என்னைத் தன் தகப்பனார் என்று நினைத்துக்கொண்டார்.

"நைனா, நாத்து காஞ்சிக்கினு கீது. மடைய தொறந்து உடு நைனா."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேஜார் பண்ணுகிறார் என்றுதான் எரிச்சல் வந்தது.

எட்டாம் குழியில் எல்லாரும் ஆடிவிட்டு நகர்ந்தார்கள். ஏகாம்பரம் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற ஆயில் மணலில் வெறுங்காலோடு ஏறிச் சாக்கை இழுத்தார். பாதி வட்டம் இழுத்தவர் அப்படியே குப்புற விழுந்தார். தூக்கி மடியில் போட்டேன். உடம்பு அனலாய்ச் சுட்டது. பிளாஸ்கைத் திறந்து வாயில் ஊற்றினேன். உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக என் கையில்தான் வழிந்தது.

ஜீப்பில் போட்டுப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "வேர்வை எப்ப நின்னுது?" என்று கேட்டார். "வேர்வை நின்னா வெயில் உள்ள எறங்கிடுச்சின்னு அர்த்தம்யா. அப்பவே நெழல்ல போட்டு ஒடம்பு பூரா தண்ணிய ஊத்தியிருக்கணும்" என்றார். பொழுது சாய்வதற்குள் ஏகாம்பரம் போய்விட்டார்.

4. பவுனம்மா

அவர் வீட்டுக்குச் சேதி சொல்லப் போனவனும் நான்தான். மனைவி பெயர் பவுனம்மா. அழுவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார்.

"கடைசியா அவுரு வாயில ஒரு முழுங்கு தண்ணியாவது எறங்குச்சா மேஸ்திரி?"

"எறங்குச்சும்மா" என்றேன்.

அடுத்த வாரம் ஜி.எம். முன்னால் போய் நின்றேன். ஒன்பது குழியிலும் பானை வேண்டும், பத்து மணிக்கு மேல் ஒரு பையும் வெளியே போகாது, ஒருவரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள் என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் "செய்" என்றார். பானைகளுக்குத் தண்ணீர் நிரப்பும் வேலையைப் பவுனம்மாவுக்கே கொடுத்தார்கள்.

மூன்று கோடை போயிற்று. தினமும் அந்த அம்மா குடத்தோடு நாலாம் குழிக்கு வரும்போது, நான் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு பக்கம் போய்விடுவேன். ஒரு நாள் காலையில் தாங்க முடியாமல் வேப்பமரத்தடியில் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"இங்க இருந்த பானைய எடுத்தது நான்தாம்மா. அன்னிக்கி அவுரு வாயில தண்ணியும் எறங்கல. பொய் சொல்ட்டேன்."

பவுனம்மா குடத்தைச் சாய்த்துப் பானையை நிரப்பி முடித்தார். தட்டை எடுத்து மூடினார்.

"பான சமாச்சாரம் வேலைக்கி வந்த மொத மாசமே தெரியும் மேஸ்திரி. தண்ணி எறங்கலன்றது, அன்னிக்கி உங்க மூஞ்சிய பாத்தப்பவே தெரியும்."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்தாம் குழிக்கு நடந்தார்.

வெயிலில் ஆள் வைத்து வேலை வாங்குகிற தம்பிகள் டாக்டர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி உங்கள் கையால் ஒரு தவறு நடந்துவிட்டால், அந்த வீட்டு வாசலில் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் மூன்று வருடம் அந்த அம்மாவைக் காக்க வைத்தேன்.