வாயில் போடாத கடைக்குட்டி

முதல் நேர்காணலுக்குப் போன அன்று, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தைக் கோப்பில் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் நின்றதும் இருந்த பட்டன்களையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே கதவு ஒரு முழம் திறந்து, ஒரு முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது.

“தம்பி படிச்சவரா?”

“ஆமாண்ணே, பட்டதாரி.”

“அதானே பார்த்தேன். படிக்காதவன்னா ஒரு பட்டனோட நிறுத்தியிருப்பான். கையைக் குடுங்க.”

அவர்தான் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கும் கம்பெனியின் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவிலேயே பிழைப்பு என்பதால் எல்லோருக்கும் அவர் ‘அரைமாடி’. வேலை கிடைத்து நான் இடம் தேடி அலைந்தபோது தன் வீட்டு மாடியறையை அவரே வாடகைக்குக் கொடுத்தார். எனக்கு அண்ணன் ஆனார். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி அண்ணி ஆனார். ஆறு வயது மகள், நான் கேட்காமலேயே, என்னைச் சித்தப்பா ஆக்கிக்கொண்டாள்.

நான் குடியேறிய வருஷம் அந்த வீட்டு இரட்டைப் பையன்களுக்கு எட்டு மாதம். முறை போட்டுக்கொண்டு அழுவார்கள். ஒருவன் அசந்தால் மற்றவன் எழுப்பிவிடுவான். அண்ணிக்கு ஷிஃப்ட் வேலை. டிசம்பரில் கடைகளில் கூட்டம் நெரியும், லிஃப்டுகள் மக்கர் பண்ணும், அண்ணனுக்குச் சாப்பிட நேரமிருக்காது. வாழ்த்து அட்டை வாங்கவில்லை. காகித நட்சத்திரம் மூன்று முனையோடு நின்றுபோய்த் தொங்கியது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறவைத்த பழத்தை எங்கே வைத்தோம் என்று இருவருக்குமே நினைவில்லை.

“எது போனாலும் போகட்டும். குடிலை மட்டும் விடமாட்டேன்” என்றார் அண்ணன்.

அவர் வீட்டுக் குடில், லிஃப்ட் உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டி. கூரையில் பழைய லிஃப்ட் பட்டன் ஒன்று இருக்கும், அழுத்தினால் எரியும். உள்ளே அவருடைய அப்பா விட்டுப்போன மண்பொம்மைகள். அதில் கட்டைவிரல் நீளக் குழந்தை இயேசுவை மட்டும் மாதத் தொடக்கத்திலேயே அண்ணன் ஒளித்துவைத்துவிடுவார். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டின் கடைக்குட்டி அதை வைக்கோலில் கிடத்த வேண்டும். அது அப்பா காலத்துச் சட்டம். நாலு வருஷமாக அந்த வேலை மகளுடையது. இனிமேல் சட்டப்படி தம்பிகளுடையது.

“நீ பெரிய அக்கா ஆயிட்டல்ல?” என்றார் அண்ணன். அவள் நேரே மாடிக்கு, என்னிடம் வந்தாள்.

“சித்தப்பா, மறுபடியும் கடைக்குட்டி ஆகணும்னா என்ன செய்யணும்?”

“எங்க காலேஜ்ல அதைச் சொல்லித் தரலையேம்மா” என்றேன்.

இருபத்துநாலாம் தேதியும் வந்தது. அலமாரி மேலிருந்த பழைய ஹெல்மெட்டுக்குள் கைவிட்ட அண்ணன் அப்படியே நின்றார். பொம்மை இல்லை.

“இங்கதான் வெச்சேன்.”

“நேத்துப் பால் பாட்டிலைக் கொண்டுபோய் டூல் பேக்ல வெச்ச ஆளு நீங்க” என்றார் அண்ணி.

“நீ மட்டும்? பாட்டிலோட சேர்த்து என் ஸ்பேனரை வேகவெச்ச!”

“அதுவாவது ஒருதடவ சுத்தமாச்சே!”

நானும் சேர்ந்துகொள்ள, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். பால்பவுடர் டப்பா, பிள்ளைகளின் துணிமூட்டை, ஃபியூஸ் பெட்டி. ஊறவைத்த பழம்கூடக் கிடைத்துவிட்டது. பொம்மைதான் கிடைக்கவில்லை. அண்ணன் குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா நாப்பது வருஷம் காப்பாத்தினதை நான் தொலைச்சுட்டேன்.”

அண்ணியின் கேலி அதோடு நின்றது. கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்த மகளின் காலும் நின்றது.

அந்நேரம் பார்த்துத் தவழ்ந்து வந்த ஒருவன், குடிலிலிருந்த ஆட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அண்ணி பாய்ந்து விரலைவிட்டு அதை வெளியே எடுப்பதற்குள் மற்றவன் வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தான்.

“பாத்தீங்களா!” மகள் கட்டிலிலிருந்து குதித்தாள். “இவனுங்க எதைக் குடுத்தாலும் திம்பானுங்க! குட்டிப் பாப்பாவையும் தின்னுடுவானுங்க!”

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். “குட்டிப் பாப்பா எங்கம்மா?”

அவள் பள்ளிப் பையிலிருந்து பென்சில் டப்பாவை எடுத்துவந்தாள். தம்பியின் ஒற்றைக் காலுறைக்குள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பொம்மை படுத்திருந்தது.

“ஹெல்மெட்டுல தலைகீழாக் கெடந்துச்சுப்பா. அவங்க ரெண்டு பேரை நீங்க பாத்துக்கறீங்க. இதைப் பாத்துக்க யாருமே இல்ல.”

அண்ணன் டப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு. எங்கப்பா இருந்திருந்தா…”

“உங்கப்பா ரெட்டைப் பிள்ளை வளர்த்தாரா?” என்றார் அண்ணி.

அதற்குமேல் வாதம் ஏது? லிஃப்டில் சர்வீஸ் தேதி எழுதும் மார்க்கரை எடுத்து, மண்பொம்மைகளை எடுத்துவைக்கும் பெட்டி மூடியின் உட்புறம் அண்ணன் எழுதினார்: ‘குழந்தையை வைக்க வேண்டியவர் வீட்டின் கடைக்குட்டி. வாயில் போடும் வயதினருக்கு அனுமதி இல்லை.’ கீழே தேதி, கையெழுத்து. பிறகு மார்க்கரை என்னிடம் நீட்டினார்.

“சாட்சிக் கையெழுத்துப் போடுங்க தம்பி. பட்டதாரி போட்டாத்தான் செல்லும்.”

போட்டேன். வாங்கிய பட்டத்துக்கு அன்றுதான் முதல் உபயோகம்.

விளக்கை அணைத்தோம். மகள் பொம்மையைக் காலுறையோடு வைக்கோலில் கிடத்திவிட்டுக் கூரைப் பட்டனை அழுத்தினாள். எரிந்தது.

இது நடந்து நாலு வருஷமாகிறது. அண்ணன் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். இப்போது அவருக்குக் கீழே மூன்று மெக்கானிக்குகள். அண்ணி பகல் வேலைக்கு மாறிவிட்டார். பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பொம்மையைக் கிடத்துகிறார்கள். மாதத் தொடக்கத்தில் அதை ஒளித்துவைப்பது பத்து வயது அக்கா.