முதுகில் ஒட்டிய வில்லைகள்

என் கணவர் சிங்கப்பூரில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒரு முறை விடுமுறையில் வருவார். கல்யாணமான பிறகு மூன்றாவது தடவையாக வந்தபோதும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கண் இமைகள் வீங்கின. கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தோல் தடித்துப்போனது. சிங்கப்பூருக்குத் திரும்பினால் சில நாட்களில் எல்லாம் அடங்கிவிடும். ஊருக்கு வந்தால் மறுபடி கிளம்பும்.

இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் என் மாமியார். "கல்யாணத்துக்கு முன்னாடி இவனுக்கு இம்புட்டு வந்ததில்லையே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்.

சிங்கப்பூரிலேயே என் கணவருக்கு ஒரு தடவை சோதனை செய்திருந்தார்கள். தோலுக்கு ஒவ்வாத பொருட்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, எந்த இடம் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே எதுவுமே சிவக்கவில்லை. எங்களிடம் இருக்கும் பொருட்களில் எதுவும் காரணமில்லை, ஊருக்குப் போனால்தான் வருகிறது என்றால் அங்கே எதைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள், மனைவி பூசுகிற சாமான்களையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அந்த டாக்டர் சொன்னாராம். இதை என் கணவர் போனில் சொன்னபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது. மாமியார் பக்கத்தில்தான் இருந்தார்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொன்றாக விட்டேன். முதலில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், அப்புறம் பவுடர், சோப்பு, நெற்றியில் ஒட்டும் பொட்டு. கடைசியில் பூவும் வைப்பதில்லை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். உடம்பு சரியில்லையா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இவ்வளவும் விட்டும், இந்தத் தடவை வந்ததும் அவர் முகம் வீங்கியது. அவர் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். நான் தொட்டால்தான் வருகிறதோ என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

மாமியார் பேசினார். "அவ செம்பட்டியில அம்மா வீட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டுமே" என்று மகனிடம் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்வார் என நினைத்து அடுப்படியில் நின்றிருந்தேன். அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

நான் வெளியே வந்து, "இங்கேயும் டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம் அத்தை. என்னாலதான்னு வந்தா நானே போறேன்" என்றேன்.

டவுனில் இருந்த தோல் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அரிப்புக்கு மாத்திரை கேட்டார் என் கணவர். இப்போது வீரியமான மாத்திரை கொடுத்தால் சோதனையில் எதுவும் தெரியாமல் போய்விடும், முதுகில் தடிப்பு ஏதும் இல்லாததால் முதலில் சோதனையை முடிப்போம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஒரு பையில் கொண்டுபோயிருந்த என் சாமான்களை மேசையில் எடுத்து வைத்தேன். டாக்டர் சோப்பை மட்டும் தண்ணீரில் கரைத்துக்கொண்டார். நர்ஸ் வில்லைகளை வரிசையாக ஒட்டிப் பேனாவால் கோடு போட்டார். டாக்டரின் பெட்டியில் இருந்த பொருட்கள் மேல் வரிசைகளில், என் சாமான்கள் எல்லாம் கடைசி வரிசையில். அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் குளிக்கக்கூடாது, வியர்க்கக்கூடாது. மழை விட்டு வெயில் காய்ந்த புழுக்கம் அது. அவர் சட்டையில்லாமல் ஃபேனுக்குக் கீழே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கரண்ட் போனால் மாமியார் விசிறியை எடுத்துக்கொள்வார். விசிறும்போது அவர் கண்ணும் கடைசி வரிசையில்தான் இருந்தது.

வில்லைகளைப் பிரித்த அன்று நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். அவருக்குப் பின்னால் நின்றேன். மேலே ஒரே ஒரு இடத்தில் லேசாக நிறம் மாறியிருந்தது. கடைசி வரிசையில் ஒரு வட்டம் பளிச்சென்று சிவந்து இருந்தது.

இன்றைக்கு முடிவு சொல்லமாட்டேன் என்றார் டாக்டர். வெறும் எரிச்சலாக இருந்தால் அடங்கிவிடும், உண்மையான ஒவ்வாமை என்றால் போகப்போக ஏறும், இரண்டு நாள் கழித்து வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மகனைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நான் பீரோவிலிருந்து நான்கு புடவைகளை எடுத்துப் பையில் வைத்தேன். என் கணவர் தடுப்பாரா என்று பார்த்துக்கொண்டே வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தார்.

மறுபடி போனபோது டாக்டர் வெகுநேரம் விளக்கை வைத்துப் பார்த்தார். கடைசி வரிசை வட்டம் சுத்தமாக மறைந்துவிட்டது. அது சோப்பின் எரிச்சல் மட்டும்தான் என்றார். மேலே லேசாக நிறம் மாறியிருந்த இடம்தான் தடித்து, கொப்புளம் கட்டி நின்றது.

"பார்த்தீனியம் செடி. வெள்ளையாப் பொடிப்பொடியாப் பூத்திருக்கும். வீட்டுப் பக்கம் இருக்கா?"

எங்கள் வீடு குஜிலியம்பாறை போகிற சாலையில், ஊருக்குச் சற்றுத் தள்ளி. சுற்றிலும் எங்கள் கல்யாணத்தை ஒட்டிப் பிளாட் போட்டுக் கல் நட்ட இடங்கள். யாரும் வீடு கட்டவில்லை. மழைக்குப் பிறகு இடுப்பளவுக்கு அந்தச் செடிதான் நிற்கும். காற்றடித்தால் அதன் தூசி நேரே வீட்டுக்குள் வரும்.

அப்படியென்றால் சிங்கப்பூரில் ஏன் தெரியவில்லை என்று கேட்டார் என் கணவர். "அந்த ஊருக்கு அந்த ஊர்ப் பெட்டி. அங்க ஜனங்க எதைத் தொடுறாங்களோ அதைத்தான் வச்சிருப்பாங்க. இந்தச் செடி நம்ம ஊர்ப் பெட்டியிலதான் கட்டாயம் இருக்கும்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. கடைசி வட்டம் மறையாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அனுப்பிருப்பேன்" என்றார். "கொஞ்ச நாளைக்குன்னு சொல்லித்தான் அனுப்பிருப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதில் ஆறுதலும் இல்லை, கோபமும் முழுதாக வரவில்லை.

பஞ்சாயத்தில் சொல்லி ஒரு முறை செடியை வெட்டினார்கள். அடுத்த மழைக்கு முளைத்துவிட்டது. நாங்கள் டவுனில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். மாத்திரையும் சாப்பிட்டதில் விடுமுறை முடிவதற்குள் அவர் முகம் தெளிந்தது. மாமியார் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார்.

அவர் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் மாமியார் எங்களைப் பார்க்க வந்தார். மாடிப்படியில் ஏறி வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க அத்தை என்றேன்.

"சீலையில அந்தச் செடித் தூசி ஒட்டிருக்கும்ல தாயி" என்றார். "உன் சீலை ஒண்ணு குடு. மாத்திக்கிட்டு வாரேன்."

பீரோவைத் திறந்து, எனக்குப் பிடித்த நீல நிறக் காட்டன் சேலையை எடுத்துக் கொடுத்தேன்.