கையால் சாப்பிட்டதை நோய் என்று எழுதினேன்

மூன்று வருடங்களுக்கு முன், கனடாவில், ஸ்காபரோவில் நான் பராமரிப்பு வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நடந்தது இது.

என் பொறுப்பில் ஓர் அயர்லாந்துக்கார அம்மா இருந்தார். எண்பது வயதிலும் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். வாய் என்றால் வாய்! தேநீர் கொஞ்சம் ஆறினாலும் எனக்குத் திட்டு விழும்.

ஒருநாள் மத்தியானம் அவர் கரண்டியைத் தள்ளிவிட்டு, மசித்த உருளைக்கிழங்கையும் மீனையும் கையால் பிசைந்து உருட்டத் தொடங்கினார். மறதி நோய் இப்படியும் தொடங்கும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். 'குழப்பம். உணவைக் கையால் பிசைகிறார்' என்று தொடர்ந்து மூன்று நாள் குறிப்பு எழுதினேன். கடமை உணர்ச்சியாம்!

நான்காம் நாள் பொறுப்புத் தாதி வந்தாள். இங்கேயே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை.

"அன்ரி, நாளைக்கு அவவை மேல்மாடிக்கு மாத்தப்போறம். இட்ஸ் சேஃபர்."

அது மறதி நோய்க்காரருக்கான, பூட்டுப் போட்ட மாடி. அங்கே போனால் புத்தகம் அதோடு சரி.

அந்த அம்மாவின் சாமான்களை அடுக்கப் போனேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுதிய தாள்களை நீட்டி, "முதல் அத்தியாயத்தை மட்டும் வாசி" என்றார்.

வாசித்தேன். அவருடைய அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் எஞ்சினியராம். ஆறு வயது வரை இவரும் அங்கேதான். வளர்த்த தமிழ் ஆயா தன் பிள்ளைகளோடு இவரையும் வட்டமாக இருத்தி, சோறும் மீன்குழம்பும் குழைத்து, ஒவ்வொரு கையிலும் உருண்டை வைப்பாராம். உருண்டைக்கு ஒரு துண்டுக் கதை. அடுத்த உருண்டை வந்தால்தான் மிச்சக் கதை. தன் அத்தியாயங்கள் எல்லாம் கைப்பிடி அளவாக இருப்பது அதனால்தான் என்று எழுதியிருந்தார். அந்த நாள்களை எழுதத் தொடங்கியதிலிருந்து கரண்டியே பிடிக்கவில்லையாம்.

குழையல் சோறு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை நீட்டிக் குழையல் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தாள் நான், அதையே நோய் என்று எழுதியிருக்கிறேன்! லிப்டுக்குக் காத்திராமல் படிகளில் ஓடினேன். தாதி ஊழியர்களின் சாப்பாட்டு அறையில் இருந்தாள்.

"பிள்ளை, நான் எழுதினது பிழை! அவவுக்கு ஒண்டும் இல்லை. எங்களை மாதிரித்தான் அவவும் சாப்பிடுறா!"

"அன்ரி, ஆர் யூ ஷுவர்? மூண்டு நாள் எழுதியிருக்கிறியள்."

விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. அங்கே வைத்திருந்த என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். பதினொரு வருடமாக அந்த அறையில் வெட்கப்பட்டு முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டவள், எல்லோர் முன்னாலும் சோற்றைக் கையால் குழைத்து, ஓர் உருண்டையை அவளிடம் நீட்டினேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கினாள்.

"எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் தாறவ," என்று சிரித்துக்கொண்டே டொக்டருக்கு போன் எடுத்தாள்.

டொக்டர் வந்து கேட்ட அத்தனை கேள்விக்கும் அந்த அம்மா பதில் சொன்னார். போதாக்குறைக்கு அவருடைய ஆங்கிலத்தையும் திருத்தி அனுப்பினார்! மாடி மாற்றம் நின்றது. புத்தகமும் முடிந்தது.

இப்போது யாரைப் பற்றியும் 'குழப்பம்' என்று எழுத முன், பக்கத்தில் இருந்து, "சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கிறேன். அதைக் கேட்காமல் எழுதிய அந்த மூன்று நாள் குறிப்பை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கை கூசுகிறது.