பூச்சி பார்க்க வந்தவர்கள்

பூதலூரைத் தாண்டியதும் நான் வந்த பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோர வரப்பில், பூச்சியினங்களின் பரிணாமத்தை ஆராயும் பேராசிரியர் ஒருவரும் அவருடைய மாணவியும் நிற்கிறார்கள். பல வருடங்களாக மருந்தே அடிக்காத வயல் என்று கேள்விப்பட்டு, தன் ஆய்வுக்கான சிறு குளவிகளைத் தேடி மாணவி இங்கே வந்திருக்கிறாள். வலையை வீசி வீசிப் பார்க்கிறாள். ஒரு கொசுகூட விழவில்லை. நெடி மட்டும் என் மூக்கில் ஏறுகிறது.

"மருந்து அடிச்சீங்களா?" என்று வயல்காரரிடம் கேட்கிறேன்.

"நேத்துதான் சார். பூச்சி பார்க்க ஆபீசருங்க வர்றாங்கன்னு போன்ல சொன்னாங்க. அவங்க வர்ற நேரத்துல பூச்சி இருந்தா நல்லாவா இருக்கும்?"

இதில் தவறு காண எனக்குத் தகுதியில்லை. நான் அதிகாரியாக ஆய்வுக்குப் போன அலுவலகங்களிலெல்லாம் சுவரில் சுண்ணாம்பு ஈரமாகத்தான் இருக்கும்.

மாணவிக்குக் கண் கலங்குகிறது. பேராசிரியர் அசரவில்லை. "இந்தப் பகுதியில குளவியே இல்லைன்னு எழுதிக்கம்மா. அதுவும் ஒரு முடிவுதான்" என்கிறார்.

அதைக் கேட்ட வயல்காரர் முகம் மலர்கிறது.

"அடுத்த தடவையும் அவசியம் வாங்க சார். ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டா போதும்."